மறு: ‘டெசிக்னேஷன்’ – குர்து அமைப்புகளைப் பற்றி எழுதும்போது தமிழில் எந்தச் சொல்?

கோவையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

துருக்கி, சிரியா பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘டெசிக்னேஷன்’, ‘டீலிஸ்டிங்’, ‘ப்ரொஸ்க்ரைப்டு’ என்று வருகிறது: ஓர் அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்ப்பது, அதிலிருந்து எடுப்பது, தடைசெய்யப்பட்டது என்ற பொருள்களில். நாளிதழ்களில் ‘பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது’ என்று எழுதுகிறார்கள். வாக்கியத்துக்கு அது போதும், ஆனால் எனக்குப் பெயர்ச்சொல் வேண்டும். வெறும் ‘அறிவிப்பு’ என்று போட்டால் எந்த அறிவிப்பு என்றே தெரியவில்லை. துருக்கியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குர்துக் கட்சியான பி.கே.கே. விஷயத்தில் துருக்கியும் அமெரிக்காவும் ஒத்துப்போகின்றன, சிரியக் குர்துகளின் படையான ஒய்.பி.ஜி. விஷயத்தில் முட்டிக்கொள்கின்றன. இந்த ஒரு செய்தியைச் சொல்வதற்கே திணறுகிறேன். உதவுங்கள்.

மதுரையிலிருந்து:

தம்பி, ‘தடை’ என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘தடை செய்யப்பட்ட இயக்கம்’ என்றால் படிக்காதவருக்கும் புரியும். நீதிமன்றத்திலும் அதைத்தான் சொல்கிறோம். ‘தடை’, ‘தடைநீக்கம்’ இரண்டும் போதும். கலைச்சொல் என்ற பெயரில் பழகிய சொல்லைத் தள்ளிவிட வேண்டாம்.

டொராண்டோவிலிருந்து:

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. ஈழத்தவர்களாகிய எங்களுக்கு ‘தடைப்பட்டியல்’ என்ற சொல் நன்றாகப் பழக்கம். ஆனால் இந்தக் கட்டுரையில் நடப்பது அரசியல். ஒரு அரசு தனக்கு வேண்டாதவனைப் பயங்கரவாதி என்கிறது, வேண்டியவனைப் போராளி என்கிறது. அதற்குப் ‘பயங்கரவாத முத்திரை’ என்பதே நேர்மையான சொல்.

திருச்சியிலிருந்து:

தம்பிக்கும் ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். மடல் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடை, பட்டியல், முத்திரை மூன்றும் நமக்கு வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடும்போதுதான் செய்தி கெடுகிறது. குர்து விவகாரத்தில் அரசுகளின் சண்டையே இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

ஐயா சொன்ன ‘தடை’யிலிருந்து தொடங்குகிறேன். 2024 மார்ச் 14 அன்று பாக்தாத்தில் துருக்கி, ஈராக் அமைச்சர்கள் சந்தித்தார்கள். பி.கே.கே. என்ற குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியை ஈராக்கின் தேசியப் பாதுகாப்பு மன்றம் ‘தடைசெய்யப்பட்ட அமைப்பு’ என்று முடிவுசெய்ததாகக் கூட்டறிக்கை வந்தது. துருக்கி அதை வரவேற்றது. ஆனால் துருக்கி பல ஆண்டுகளாகக் கேட்டது ‘பயங்கரவாத அமைப்பு’ என்ற சொல்லை. ஈராக் அதைக் கொடுக்கவில்லை. பி.கே.கே.யின் முகாம்கள் ஈராக்கின் வடக்கு மலைகளில் இருந்தன, துருக்கியின் படைத்தளங்களும் அங்கேதான் இருந்தன. பயங்கரவாத அமைப்பு என்று பாக்தாத் சொல்லிவிட்டால், தன் மண்ணில் துருக்கி நடத்தும் தாக்குதலுக்குத் தானே நியாயம் எழுதிக்கொடுத்ததுபோல ஆகும். அதனால் தடையோடு நின்றது. ‘டெசிக்னேஷன்’ என்பதற்கும் ‘தடை’ என்றே போட்டால், ஈராக் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்க மறுத்தது என்று எழுதத் தமிழில் வழியே இருக்காது.

ஜெர்மனியைப் பாருங்கள். 1993 நவம்பரிலேயே அங்கே பி.கே.கே.யின் செயல்பாடுகளுக்குத் தடை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் அந்தக் கட்சியின் பெயர் ஏறியது 2002 மே மாதத்தில். இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு விளைவு. நம் ஊரிலும் அப்படித்தான். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ‘சட்டவிரோதச் சங்கம்’ என்று அறிவிப்பது ஒரு பிரிவு, முதல் அட்டவணையில் ‘பயங்கரவாத அமைப்பு’ என்று சேர்ப்பது வேறொரு பிரிவு. விடுதலைப் புலிகள் அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. பேச்சில் இரண்டையும் ‘தடை’ என்று சொல்லிவிடுகிறோம். வழக்காடும் ஐயாவுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து அக்காவின் ‘முத்திரை’. சொல் வலுவானது, சில இடங்களில் அதுவே சரி. ஆனால் தமிழில் ‘முத்திரை குத்தினார்கள்’ என்றாலே, குத்தியது அநியாயம் என்று தீர்ப்புச் சொன்னதாக ஆகிவிடும். ‘ஐ.எஸ். அமைப்புக்கு ஐ.நா. பயங்கரவாத முத்திரை குத்தியது’ என்று எழுதிப் பாருங்கள். ஐ.எஸ். மீது எழுதியவருக்கு இரக்கம் இருப்பதுபோல் தொனிக்கும். மேடையில் ஒரு தலைவர் சொல்வதற்கு முத்திரை பொருந்தும். 2016 பிப்ரவரியில் துருக்கி அதிபர் எர்டோகன் அமெரிக்காவைப் பார்த்து, உங்கள் கூட்டாளி நானா, கொபானியில் (சிரியாவின் குர்து நகரம்) இருக்கும் பயங்கரவாதிகளா என்று கேட்டார். அந்தப் பேச்சில் இருப்பது முத்திரை. சட்டப்படி ஒரு பெயரைப் பட்டியலில் சேர்த்து, பணத்தை முடக்கி, உதவுவோரைக் குற்றவாளியாக்கும் நடவடிக்கைக்கு வேறு சொல் வேண்டும்.

அதற்கு ‘பட்டியலேற்றம்’ என்று முன்மொழிகிறேன். வினை: பட்டியலேற்று.

‘பட்டியலிடு’ ஏன் ஆகாது? ‘குறைகளைப் பட்டியலிட்டார்’ என்று தினமும் எழுதுகிறோம், அங்கே அதன் பொருள் வரிசையாகச் சொல்வது. ‘ஏற்றம்’ என்றால் உயர்வு என்று பொருள்படாதா என்று யாராவது கேட்கலாம். பதிவேற்றம், சுமையேற்றம், குற்றமேற்றுதல் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன, அவற்றில் உயர்வு என்ற வாடை இல்லை.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு இன்னொரு காரணம், ஏற்று என்பது பிறவினை. ‘பட்டியலேறிய அமைப்பு’ என்றால் தானாகவே போய் ஏறிக்கொண்டதுபோல் இருக்கும். ‘பட்டியலேற்றிய அமைப்பு’ என்றால் யார் ஏற்றியது என்ற கேள்வி உடனே வரும், எழுதுகிறவர் பதில் சொல்லியாக வேண்டும். நம் செய்திகளில் ‘பயங்கரவாத அமைப்பான பி.கே.கே.’ என்று எழுவாயே இல்லாமல் ஓடிவிடுகிறார்கள். ‘1997இல் அமெரிக்கா பட்டியலேற்றிய பி.கே.கே.’ என்று எழுதினால் நாடும் ஆண்டும் வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். குர்து விவகாரத்தில் நாடும் ஆண்டும் இல்லாமல் எந்த வாக்கியமும் உண்மையாக இருக்க முடியாது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரே அமைப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பி.கே.கே. 1978இல் தொடங்கியது, 1984 ஆகஸ்டில் ஆயுதத் தாக்குதலில் இறங்கியது. அதன்பின் அந்தப் போரில் 40,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். துருக்கி, அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் அதைப் பட்டியலேற்றின. ரஷ்யா ஏற்றவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைப் பட்டியலிலும் அது இல்லை. சிரியா கதை இன்னும் விசித்திரம். ஹஃபீஸ் அல் அசாத் ஆட்சியில் பி.கே.கே. தலைவர் அப்துல்லா ஓசலான் பல ஆண்டுகள் சிரியாவில் தங்கியிருந்தார். துருக்கி படையெடுப்பேன் என்று மிரட்டியதும், 1998 அக்டோபரில் அதானா உடன்பாட்டில் அதே சிரியா, பி.கே.கே. பயங்கரவாத அமைப்பு என்று ஒப்புக்கொண்டது. அதற்குச் சில நாள் முன்புதான் ஓசலானை வெளியேற்றியிருந்தது. 1999 பிப்ரவரியில் அவர் நைரோபியில் பிடிபட்டார்.

இப்போது தம்பி திணறும் இடத்துக்கு வருவோம். துருக்கியும் அமெரிக்காவும் மோதுவது பி.கே.கே. பற்றி அல்ல. ஒய்.பி.ஜி. என்ற சிரியக் குர்துகளின் மக்கள் பாதுகாப்புப் படை, பி.கே.கே.யின் இன்னொரு பெயரா, தனி அமைப்பா என்பதுதான் சண்டை. இங்கே இரண்டாவது கலைச்சொல் தேவைப்படுகிறது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு அமைப்பைப் பட்டியலேற்றும்போது அதன் ‘மாற்றுப்பெயர்’களையும் சேர்க்கிறார்கள். பி.கே.கே. 2002இல் காதெக் என்றும் 2003இல் கொங்ரா-ஜெல் என்றும் பெயர் மாற்றிக்கொண்டபோது, அந்தப் பெயர்களும் பி.கே.கே. பதிவின்கீழ் சேர்ந்தன. ஒய்.பி.ஜி. பெயரை அமெரிக்கா அப்படிச் சேர்க்கவே இல்லை. எவ்வளவு நெருக்கம் என்று தெரியாமல் அல்ல. 2016 ஏப்ரலில் செனட் விசாரணையில், இரண்டுக்கும் கணிசமான தொடர்பு உண்டா என்று கேட்டபோது பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் ஆம் என்றே சொன்னார். அடுத்த ஆண்டு மே மாதம் டிரம்ப் அரசு ஒய்.பி.ஜி.க்கு நேரடியாக ஆயுதம் கொடுக்க முடிவுசெய்தது. 2018 நவம்பரில் அதே அரசு பி.கே.கே.யின் மூத்த தலைவர்கள் மூவரைப் பற்றித் தகவல் தருவோருக்கு 50 லட்சம், 40 லட்சம், 30 லட்சம் டாலர் வரை பரிசு அறிவித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடிந்தது அந்த மாற்றுப்பெயர்ப் பகுதியில் ஒரு பெயர் சேராததால்.

பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். 2015 அக்டோபரில் ‘சிரிய ஜனநாயகப் படைகள்’ உருவானது. ஒய்.பி.ஜி.தான் அதன் முதுகெலும்பு. பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தாங்களே சொன்னதாக அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தளபதி ரேமண்ட் தாமஸ் 2017 ஜூலையில் ஒரு பொது அரங்கில் வெளிப்படையாகப் பேசினார். மூன்று மாதம் கழித்து சிரியாவின் ரக்கா நகரம் ஐ.எஸ்.ஸிடமிருந்து மீண்டதும், நகரின் நடுச் சதுக்கத்தில் குர்துப் பெண் போராளிகள் ஓசலானின் பெரிய படத்தை விரித்தார்கள். ‘இன்னும் என்ன சாட்சி வேண்டும்’ என்று அங்காரா கொதித்தது. ஓசலான் மரியாதைக்கு உரியவர் அல்ல என்று அமெரிக்கத் தரப்பு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆக, மொழிபெயர்ப்பில் ‘பி.கே.கே.யின் கிளையான ஒய்.பி.ஜி.’ என்று எழுதினால் நாம் துருக்கியின் வாதத்தை நம் வாக்கியமாக எழுதுகிறோம். ‘தனி அமைப்பான ஒய்.பி.ஜி.’ என்றால் வாஷிங்டனின் வாதம். ‘பி.கே.கே.யுடன் தொடர்புள்ள ஒய்.பி.ஜி.’ என்று எழுதலாம், அதை இரு அரசுகளும் மறுப்பதில்லை. தம்பியின் வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: ‘பி.கே.கே.யைத் துருக்கி, அமெரிக்கா இரண்டுமே பட்டியலேற்றியுள்ளன. ஒய்.பி.ஜி.யும் பி.கே.கே.யும் ஒன்றே என்பது துருக்கியின் நிலை. அமெரிக்கா அதை மாற்றுப்பெயராகச் சேர்க்கவில்லை.’

இந்த நுணுக்கம் எல்லாம் வெறும் சொல்விளையாட்டு என்று நினைப்பவர்கள் 2022 ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் துருக்கி, சுவீடன், பின்லாந்து மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். நேட்டோவில் சேர இரண்டு நாடுகளும் துருக்கியின் சம்மதத்துக்குக் காத்திருந்த நேரம். பி.கே.கே. ‘தடைசெய்யப்பட்ட பயங்கரவாத அமைப்பு’ என்று இரு நாடுகளும் அதில் உறுதி சொல்கின்றன. ஒய்.பி.ஜி. பற்றி வரும் இடத்தில் வாசகம் மாறுகிறது: அதற்கு ‘ஆதரவு அளிக்கமாட்டோம்’ என்று மட்டும்தான் இருக்கிறது, பயங்கரவாதம் என்ற சொல் அதன் பெயரோடு ஒட்டவில்லை. மதபோதகர் ஃபத்ஹுல்லா குலனைப் பின்பற்றும் குலன் இயக்கத்தைப் பற்றி வரும்போது ‘துருக்கியில் இன்னவாறு குறிப்பிடப்படும் அமைப்பு’ என்று இன்னும் ஒதுங்கி நிற்கிறது. ஒரே பக்கத்தில் மூன்று அமைப்புகளுக்கு மூன்று விதமான தூரம். தமிழ்ச் செய்திகளில் மூன்றையும் ‘பயங்கரவாத அமைப்புகளுக்கு ஆதரவு இல்லை’ என்று ஒரே வாக்கியமாகச் சுருட்டினால், ராஜதந்திரிகள் உட்கார்ந்து அளந்து வைத்த அந்தத் தூரம் முழுக்கக் காணாமல் போய்விடும். சுவீடன் உள்ளே போனது 2024 மார்ச்சில். இடைப்பட்ட காலம் முழுக்க, அதைவிட அதிகமாக என்ன சொல்வீர்கள் என்று துருக்கி கேட்டுக்கொண்டே இருந்தது.

நீதிமன்றங்களைப் பற்றி நிறைய எழுத ஆசை, சுருக்கிக்கொள்கிறேன். பெல்ஜியத்தின் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், துருக்கியில் நடப்பது ஆயுத மோதல், பி.கே.கே. அதில் ஒரு தரப்பு, எனவே பயங்கரவாதக் குற்றப் பிரிவுகளின்கீழ் வழக்கு நடத்த முடியாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. உடனே பெல்ஜிய அரசு, எங்கள் நிலை மாறவில்லை, பி.கே.கே. பயங்கரவாத அமைப்புதான் என்றது. ஒரே நாட்டுக்குள் நீதிமன்றம் ஒன்று, அமைச்சரவை இன்னொன்று. ‘பெல்ஜியம் பி.கே.கே.யைப் பயங்கரவாத அமைப்பு இல்லை என்றது’ என்று எழுதினால் தவறு, ‘தடையை நீக்கியது’ என்றால் அதைவிடத் தவறு. ஐரோப்பியப் பட்டியலேற்றம் அப்படியே நின்றது.

ஈரான் பக்கம் வேறு திருப்பம். அங்கே போரிடும் பி.ஜே.ஏ.கே. என்ற குர்து அமைப்பை ஈரான் பயங்கரவாத அமைப்பு என்கிறது. 2009 பிப்ரவரியில் அமெரிக்கக் கருவூலத் துறையும் அதைப் பட்டியலேற்றியது. பகை நாடுகள் இரண்டும் இந்த ஒரு பெயரில் ஒன்றுபட்டன. ஆனால் ஈரான் அதே சொல்லால் அழைக்கும் ஈரானியக் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியை அமெரிக்கா ஏற்றவில்லை. அந்தக் கட்சியின் தலைவர் அப்துல் ரஹ்மான் காசிம்லூ, 1989 ஜூலையில் வியன்னாவில் ஈரான் அரசின் தூதர்களோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த மேசையிலேயே சுட்டுக்கொல்லப்பட்டவர். அவரைக் கொன்றவர்கள் தரப்பின் சொல்லாலேயே அவருடைய கட்சியை நாமும் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிடக் கூடாது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு வகையும் உண்டு, அதற்கும் சொல் வேண்டும். ஈராக்கில் அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளிகளான குர்துக் கட்சிகள் இரண்டும், அதாவது பர்சானி கட்சியும் தலபானி கட்சியும், எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் சதாமுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவை என்பதால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் வரையறைக்குள் பயங்கரவாத அமைப்புகளாக விழுந்தன. விசா கேட்டுப் போன குர்துகள் மாட்டிக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் தனிச் சட்டப் பிரிவு போட்டுத்தான் அதை விலக்கினார்கள். இதை ‘பட்டியலேற்றாப் பயங்கரவாத அமைப்பு’ எனலாமா? சொல் கரடுமுரடுதான். இன்னும் நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

சார், பட்டியலேற்றம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடங்கல். தமிழ்நாட்டில் ‘பட்டியல்’ என்றவுடன் பட்டியல் சாதி, பட்டியலினத்தவர் என்றுதான் மனம் போகும். ‘பட்டியல் வெளியேற்றம்’ என்பது ஒரு சமூகத்தின் அரசியல் கோரிக்கையாகவே இருக்கிறது. ‘பி.கே.கே. பட்டியல்நீக்கம் கோருகிறது’ என்ற தலைப்பைப் பார்க்கிறவர் ஒரு நொடி தடுமாறுவார். அதுவும் பயங்கரவாதம் என்ற பொருளில் வரும் சொல்லுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களின் பெயருக்கும் இப்படி ஒட்டு இருப்பது எனக்கு நெருடுகிறது.

அப்புறம், பயங்கரவாதம் என்ற சொல்லையே நாளிதழ்கள் தீவிரவாதத்தோடு கலந்துதானே எழுதுகின்றன? அதையும் இங்கேயே முடித்துவிடலாமே.

திருச்சியிலிருந்து:

அம்மா, மிகச் சரியான கேள்வி. இது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொன்ன அளவுக்கு யோசிக்கவில்லை. தனியாகப் ‘பட்டியலேற்றம்’ என்று கலைச்சொல் தொகுப்பில் போட வேண்டாம். தலைச்சொல் ‘பயங்கரவாதப் பட்டியலேற்றம்’ என்றே இருக்கட்டும். கட்டுரைக்குள் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். தலைப்புகளில் எப்போதும் முழுதாகவே எழுத வேண்டும். எதிர்ச்சொல் ‘பயங்கரவாதப் பட்டியல்நீக்கம்’. ‘வெளியேற்றம்’ வேண்டாம், அது அந்தக் கோரிக்கைக்கே உரியதாக இருக்கட்டும்.

தீவிரவாதம் பற்றி: நாம் இங்கே பேசும் பட்டியல் சட்டங்கள் பயங்கரவாதம் என்ற குற்றத்தைப் பற்றியவை. தீவிரம் என்பது கருத்தின் அளவு. எனவே இந்தத் தலைப்பில் ‘தீவிரவாதப் பட்டியல்’ என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டொராண்டோ அக்காவுக்கு ஒரு வார்த்தை. பட்டியலேற்றத்தின் சட்ட விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, தமிழரும் குர்துகளும் சேர்ந்தே சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது. 1997 அக்டோபர் 8 அன்று அமெரிக்கா வெளியிட்ட முதல் பட்டியலில் பி.கே.கே., விடுதலைப் புலிகள் இரண்டும் இருந்தன. பி.கே.கே.வுக்குச் சர்வதேசச் சட்டத்தையும் சமாதான வழிகளையும் கற்றுக்கொடுக்க விரும்பிய மனிதநேய அமைப்பு ஒன்றும், புலிகளின் வன்முறையற்ற பணிகளுக்கு உதவ விரும்பிய தமிழர் அமைப்புகளும் சேர்ந்து வழக்காடின. 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பட்டியலில் இருக்கும் அமைப்புக்கு அந்தப் பயிற்சியைக் கொடுப்பதும் குற்றமாகலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இவ்வளவு பெரிய விளைவு உள்ள நடவடிக்கையை முத்திரை என்று சொன்னால் வசவோடு நின்றுவிட்டதாக ஆகும். அதனால்தான் அந்தச் சொல்லை மேடைப் பேச்சுக்கு ஒதுக்கச் சொன்னேன், அதன் நியாயத்தை மறுத்து அல்ல.

இன்னும் ஒரு இரட்டை பாக்கி இருக்கிறது: ‘கலைப்பு’, ‘நீக்கம்’. 2025 பிப்ரவரி 27 அன்று சிறையிலிருந்து ஓசலான் கேட்டுக்கொண்டபடி, பி.கே.கே. மே 12 அன்று தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூலை 11 அன்று வடக்கு ஈராக்கின் சுலைமானியாவுக்கு அருகே 30 போராளிகள் துப்பாக்கிகளைப் பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, சிரியாவில் ஆட்சியைப் பிடித்த ஹயாத் தஹ்ரீர் அல் ஷாமை அமெரிக்கா தன் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. ஆயுதத்தை எரித்த பி.கே.கே.யின் பெயர் அன்று அதே பட்டியலில் இருந்தது. கலைப்பு அமைப்பு செய்வது, நீக்கம் அரசு செய்வது. தம்பி, உங்கள் கட்டுரையின் கடைசிப் பகுதி 2025ஐத் தொடுகிறது என்றால் இந்த இரண்டையும் கலந்துவிடாமல் பாருங்கள். மே மாதச் செய்திகளில் ‘பி.கே.கே. மீதான தடை முடிவுக்கு வந்தது’ என்று எழுதியதை நானே படித்தேன்.

அன்புடன்.